சாய்ந்த கோடுகள்

என் மகளுக்குத் தலை பின்னும்போதெல்லாம், இறுக்கிவிட்டேனோ என்று பயந்து கையைத் தளர்த்திவிடுகிறேன். அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பின்னல் அவிழ்ந்துவிடுகிறது. எனக்குப் பின்னிவிட்ட சித்தியிடம் இந்தத் தடுமாற்றம் இருந்ததில்லை.

அப்போது நாங்கள் போத்தனூரில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கையான சித்தி, கணவன் இறந்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். மாதா கோயில் பாட்டென்றால் அவளுக்கு உயிர். அவள் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா சொல்வாள்: "பாட்டுப் பாடுனா பசியும் சேந்து கூடுமாட்ட இருக்குது." நான் சிரிப்பேன். சித்தியும் சிரிப்பாள்.

டவுனில் நான் படித்த கன்னியர் பள்ளிக்கூடத்தில், விடுதிப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஆள் தேடினார்கள். அங்கேயே தங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கன்னியர்களின் தலைவியான மதர் முன்னால் வேதாகமச் சங்கீதம் ஒன்றை லத்தீனில் பாடிக்காட்ட வேண்டும், அவ்வளவுதான். சித்திக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். எங்கள் கோயில்களில் அது பெரிய குறையில்லை. லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டுதான் பலரும் பாடினார்கள். எழுதித்தரும் வேலை எனக்கு வந்தது.

பள்ளிக்கூடத்து லத்தீன் பாட்டுப் புத்தகத்தில் சில எழுத்துகளின் தலைமேல் சின்னச் சாய்ந்த கோடு இருக்கும். ஒரே சுருதியில் ஓதிக்கொண்டே போய், கோடு வருமிடத்தில் குரலைத் தூக்க வேண்டும். இடம் மாறினால் ஆண்டவரைக் கூப்பிடுகிற வார்த்தை வேறெதையோ கூப்பிட்டுவிடும் என்று வகுப்பில் சிஸ்டர் பயமுறுத்துவார்.

எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஒரு கோடுகூடப் போடாமல் எழுதினேன். சித்தி போய்விட்டால் என் பக்கத்தில் யார் படுப்பார்கள்?

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்கண்ணு, எங்க தூக்கோணும், எங்க எறக்கோணும்னு ஒண்ணும் போடலையே?"

"பொஸ்தகத்துலயே ஒண்ணுமில்லீங்க சித்தி."

ஞாயிற்றுக்கிழமை அவள் குரல் வழக்கம்போல் இனிமையாகத்தான் கிளம்பியது. இரண்டாவது வரியில் தூக்கக் கூடாத இடத்தில் தூக்கினாள். விடுதிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான்காவது வரியில் அவளே நிறுத்திவிட்டாள். மதர் அன்பாகத்தான் பேசினார். கோடுகள் இருந்திருந்தாலும் வேறு யாரையாவது எடுத்திருப்பார்களோ என்னவோ. இப்படி நினைத்துப் பார்த்துக்கொள்வேன். அந்த ஆறுதல் நிலைக்காது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சித்தியிடம், "ஏனம்மிணி, அதுக்குள்ள வந்துட்டியா?" என்றாள். என்னைப் பார்த்து, "செரி, இன்னொரு தட்டம் எடுத்து வையி" என்றாள். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அன்று என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆறு மாதத்தில் சித்தியை, மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் தோட்டம் துடியலூருக்கு அப்பால் இருந்தது. அங்கே அவள் பாடியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பாடிக்காட்டிய மறுநாள் காலை எனக்குத் தலை பின்னும்போது, "பொஸ்தகத்துல நெசமாவே ஒண்ணுமில்லையா கண்ணு?" என்று ஒருமுறை கேட்டாள். "இல்லீங்க" என்றேன். "செரி" என்று ரிப்பனை முடிந்தாள். வழக்கம்போல் இறுக்கமாகத்தான்.

நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் பாடியபோது விடுதிப் பெண்களின் பாட்டுப் புத்தகம் அவளுக்கு எதிரே பலகைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. லத்தீன் எழுத்துத்தான் அவளுக்குத் தெரியாது. கோடு தெரியாமலா இருந்திருக்கும்?