சாயங்கால மாத்திரை

தெருவோரத்தில் யாரோ போர்த்திப் படுத்திருக்கும் போர்வைக்கு ஆறடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதலில் ஒரு தடவை இருமுகிறாள். போர்வை அசையவில்லை. இன்னொரு தடவை இருமுகிறாள். "நான்தான். பஞ்சு சிஸ்டர் வந்திருக்கேன்" என்று அவளுக்கே கேட்காத குரலில் சொல்கிறாள். பிறகு காத்திருக்கிறாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்த பிறகுதான் பையைத் திறந்துகொண்டு பக்கத்தில் நகர்கிறாள். தோளைத் தொட்டு எழுப்பினால் அரை நிமிஷ வேலை. "ஏண்டி இந்த நாடகம்?" என்று கேட்டேன்.

"தூங்கறவங்களத் தொடக் கூடாது அண்ணி. இவங்களத் தொட்டவங்க எல்லாம் ஒண்ணு அடிக்கத் தொட்டிருப்பாங்க, இல்லேன்னா பறிக்கத் தொட்டிருப்பாங்க. கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி கை வந்துடும்" என்றாள். அவளுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். அது பொய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. முப்பத்தெட்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களைத் தேடிப்போய் வைத்தியம் பார்க்கிற ஒரு சின்ன அமைப்பில் நர்ஸ் வேலை. எந்நேரமும் கையில் பஞ்சோடு வருவதால் தெருவில் 'பஞ்சு சிஸ்டர்'. வீட்டில் அவளுக்கு வேறு பெயர், பயந்தாங்கொள்ளி.

அதில் துளியும் மிகையில்லை. குக்கர் விசிலடித்தால் துள்ளி விழுவாள். கேஸை மூடிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பார்ப்பாள். லிஃப்ட் நடுவில் நின்றுவிடுமோ என்று நாலு மாடியும் ஏறித்தான் வருவாள். சுவரில் பல்லியைப் பார்த்தால் "அண்ணி!" என்று ஒரு கத்தல், நான் துடைப்பத்தோடு ஓட வேண்டும். இப்படிப்பட்டவள் பாலத்தடியிலும் பஸ் நிலையத்துப் பின்புறத்திலும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் என்றபோது நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் சாப்பிடும்போது அதை நினைத்தால் ஜாக்கிரதையாகத்தான் விழுங்குகிறேன்.

அவளோடு சுற்றுக்குப் போகிற ஆண் ஊழியர் படியில் விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார். "ஒரு வாரம் துணைக்கு வாங்க அண்ணி, தனியா போனா செத்துடுவேன்" என்று நின்றாள். யாருக்கு யார் துணை என்று யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

பையை முதுகில் மாட்டமாட்டாள். மார்பில் குழந்தையைக் கட்டிக்கொள்வது போல முன்பக்கம். ஷூ லேஸில் இரண்டு முடிச்சு, "ஓடறப்ப கழண்டுடக் கூடாது இல்ல?" எங்கே போனாலும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தப்பிப்பதற்கு எத்தனை வழி என்று முதலில் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் புண்ணைப் பார்ப்பாள். புண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அந்தக் கை நடுங்காது. அது வரைக்கும் நடுங்கும், அதற்குப் பிறகும் நடுங்கும். நடுவில் மட்டும் யாரோ வேறொருத்தியின் கை.

கட்டுத்துணியை என் அடுப்பில் டீத்தூள் போட்டுக் கொதிக்க வைத்துப் பழுப்பாக்குவாள். என் நல்ல பாத்திரம் இரண்டு பாழ். கேட்டால், "வெள்ளையா கட்டினா தூரத்துலேருந்தே தெரியும் அண்ணி, இவனுக்குக் கால் முடியலன்னு. முடியாதவன்கிட்டதான் முதல்ல திருட வருவாங்க" என்பாள். பாத்திரம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாய்க்கும் குடிகாரனுக்கும் போலீஸுக்கும் இவள் பயப்படுவது எனக்குத் தெரிந்ததுதான். எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் ஒன்றை நடக்கும்போது சொன்னாள். "நான் இருமறேன், போர்வை அசையலன்னு வெச்சுக்கோங்க... ரெண்டு தடவை அப்படி ஆயிருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை இருமறப்பவும் போர்வை அசையற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருப்பேன்." அடுத்த போர்வைக்குப் போனபோது அவளோடு சேர்ந்து நானும் இருமினேன்.

அந்த வாரம் அவளுடைய பயமெல்லாம் ஒரே ஆளை நினைத்துத்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கும் ஜவுளிக்கடைப் படியில் இருக்கும் மூட்டைக்கார அக்கா. ஐம்பது வயதிருக்கும். மூன்று மூட்டை. காலையில் வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவி விரட்டிவிடுவான். பகலெல்லாம் எங்கே நடக்கிறாளோ, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் படிக்குத் திரும்புவாள். அதனால் சுற்றில் அவள்தான் கடைசி.

அவளுக்கு இதயம் பலவீனம். உடம்பில் தண்ணீர் தங்கிக் கால் இரண்டும் முழங்கால் வரை வீங்கியிருந்தது. வீக்கம் வற்றுவதற்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், உடம்புத் தண்ணீரைச் சிறுநீராக இறக்குகிற மாத்திரை. மூன்று வாரமாக இவள் தினமும் தன் கையாலேயே கொடுத்து, விழுங்க வைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். வீக்கம் வற்றுவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது. டாக்டர் ஒன்றை இரண்டாக்கினார். அப்போதும் ஏறியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வத்தலேன்னா நுரையீரல்ல தண்ணி ஏறிடுமாம். காய்ஞ்ச படியில உக்காந்துக்கிட்டே மூழ்கிடுவாங்களாம் அண்ணி" என்று சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். அன்றைக்கு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரிக்கு மூட்டைக்கார அக்கா வரமாட்டாள். முன்பு ஒருமுறை போய் நாலு நாள் படுத்துவிட்டுத் திரும்பினால் மூட்டைகளும் இல்லை, படுக்கிற இடமும் இல்லை. பிசைந்த சோறு தட்டிலேயே கிடந்தது.

ஐந்து மணிக்குப் போனபோது மூட்டைக்கார அக்கா படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லையாம், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மூன்று வார்த்தை பேசினால் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். இவள் கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். மாவில் அழுத்தினாற்போலப் பள்ளம் அப்படியே நின்றது. நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

மாத்திரை இரண்டையும் கொடுத்தாள். அவள் தண்ணீர் குடித்து நாக்கை நீட்டிக் காட்டினாள். இவள் நோட்டில் எழுதத் திரும்பினாள். நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரிந்தது. மூட்டைக்கார அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தாள், துடைத்த கையில், கன்னத்தில் ஒதுக்கியிருந்த ஈர மாத்திரை இரண்டு.

"ஐயோ, துப்பிட்டாங்கடி!" என்று கத்திவிட்டேன்.

மூட்டைக்கார அக்கா மறைக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்து அவிழ்த்துப் படியில் வைத்தாள். மூன்று வாரமாகச் சேர்ந்த மாத்திரைகள் அதில் இருந்தன.

"ஏன்க்கா?" என்றாள் இவள்.

"அதைப் போட்டா... அரை மணிக்கு ஒரு தடவை போகணும். முதல் நாள் போட்டேன். கக்கூஸை எட்டு மணிக்குப் பூட்டிடறான். இருட்டுல இந்தப் பக்கத்துச் சந்துக்குப் போனேன். ஒருத்தன் பின்னாலயே வந்தான்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "கல்லை எடுத்து அடிச்சேன். தப்பிச்சேன். மறுபடி போக முடியுமா? மூச்சு முட்டினா சாவுதானே. அது பரவாயில்ல. நீ பாவம், தினமும் நடந்து வர்ற. அதான் சொல்லல."

என் நாத்தனார் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எங்க அம்மாவுக்கும் இதே மாத்திரைதான் அண்ணி. காலைல காபிக்கு முன்னாடி குடுப்போம். சாயங்காலம் குடுத்தா ராத்திரி தூங்க முடியாதுன்னு நர்ஸிங் படிக்கற பொண்ணுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? இவங்க எனக்கு அஞ்சு மணிக்குத்தான் கிடைக்கறாங்கன்னு அஞ்சு மணிக்குக் குடுத்தேன். இவங்க எங்க போவாங்கன்னு ஒரு தடவை... ஒரே ஒரு தடவை கேட்டேனா?" தலையில் அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பு அவளுடையதுதான்.

டாக்டருக்கு போன் போட்டாள். "நல்லவேளை, ரெண்டு உள்ளே போகல" என்றார் அவர். ஒன்றும் போகாத உடம்பில் திடீரென்று இரண்டு போனால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவாளாம். இப்போது ஒன்று, உடனே. உதடு நீலமானால் ஆம்புலன்ஸ், யாரையும் கேட்க வேண்டாம். போனை வைத்தபோது இவள் உதடே வெளுத்திருந்தது.

"நாளைலேருந்து காலைல ஏழு மணிக்கு. கக்கூஸ் திறக்கறப்ப அந்த வாசல்லயே நான் மாத்திரையோட நிப்பேன். இன்னிக்கு மட்டும் இப்பவே போட்டாகணும்க்கா. நான் போகமாட்டேன், கூடவே இருக்கேன்."

மூட்டைக்கார அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? ஆட்டோ ஹாரன் அடிச்சாலே... அலறுவியே."

"அலறிக்கிட்டே இருக்கேன். போடுங்க."

அந்த மூச்சுத் திணறலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டாள். இந்தத் தடவை விழுங்கினாள்.

அரை மணியில் ஆரம்பித்தது. பஸ் நிலையக் கழிப்பறை நூறு தப்படி. அக்காவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இவள் நடத்திப் போனாள். நான் மூன்று மூட்டைக்கும் காவல். நடைபாதையில், அழுக்கு மூட்டைகளின் நடுவில், நல்ல புடவை கட்டிக்கொண்டு நான். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது முதல் பயம். பார்சல் ஆபீஸ் சுவரோரம் நின்று சிகரெட் பிடித்த மூன்று பேர் என்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பயம் பறந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது வந்தால் தேவலை என்று தோன்றியது. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இருந்து என்ன? பார்வை பார்வைதான். இந்த அக்கா இங்கே தினமும் படுக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது தடவையும் எப்படியோ போய் வந்தார்கள். மூன்றாவது தடவை மூட்டைக்கார அக்கா எழுந்து நாலு அடி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவ்ளோ தூரம் தாங்காது, பஞ்சு. மூச்சு வரல." கடையின் பக்கத்தில்தான் அக்கா சொன்ன அந்த முட்டுச்சந்து. அதன் வாய்க்கு நேர் எதிரில்தான் அந்த மூன்று பேரும். இவள் சந்தைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். தப்பிக்கும் வழிகளைத் தேடினாள் போலிருக்கிறது. அந்தச் சந்துக்கு ஒரே வழிதான்.

அக்காவை உள்ளே உட்கார வைத்துவிட்டு வந்து சந்தின் வாயில் தெருவைப் பார்த்து நின்றாள். கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவினாள். இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, கையை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்துத் திரை கட்டினாள்.

மூவரில் ஒருவன் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து வந்தான். "என்ன சிஸ்டர், உள்ள யாரு?" என்று துப்பட்டாவுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றான். மூட்டைகளை விட்டுவிட்டு எழுந்தேன்.

உள்ளே சுவரோரம் மூன்று வாரத்துத் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது, நிற்காமல், வெகுநேரம். என் நாத்தனார் கண்களை இறுக்க மூடிக்கொண்டு, துப்பட்டாவை இன்னும் ஒரு சாண் மேலே உயர்த்தினாள்.