சிலமலை பௌலர் முன்கேட்டில் நின்ற காலை

1. கொண்டை ஊசி வளைவு

போடிமெட்டுக்கு ஏறும் ரோட்டில், ஒரு கொண்டை ஊசி வளைவில், அதுவரை டி.வி.யில் மட்டுமே நான் பார்த்திருந்த வேகப்பந்து வீச்சாளர் மாரிச்சாமி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கப்பல் மாதிரி ஒரு கார். அவருடைய ஏஜென்ட், சென்னைக்காரர், நல்ல சிவப்பு, கோட்டு சூட்டோடு நின்று தண்ணீர் பாட்டிலை எட்டவே நீட்டிக்கொண்டிருந்தார். தன் கோட்டில் தெறித்துவிடுமோ என்று பயம்.

அப்போது நான் போடியிலிருந்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ட்ரிப் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள். மலையில் ஒரு வண்டி நின்றால் அடுத்த வண்டியும் நின்று விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் லைன் வழக்கம். நிறுத்தினேன்.

"ஏசி ஒத்துக்கலண்ணே. காத்து வேணும்," என்றார் மாரிச்சாமி.

அவர் போடி பக்கத்துச் சிலமலையில் பிறந்தவர். இப்போது சென்னையில் பெரிய பங்களா. நாங்கள் போகும் எஸ்டேட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ரிசார்ட்டைத் திறந்துவைக்கப் போய்க்கொண்டிருந்தார். முகூர்த்தம் காலையிலேயே. வாந்தியில் நாசமான தன் கோட்டையும் சட்டையையும் கழற்றிக் காருக்குள் எறிந்தார். செல்போனும் கோட்டோடு போனது. "நீங்க முன்னாடி போய்ச் சொல்லுங்க, நான் வர்றேன்," என்று ஏஜென்டை அனுப்பிவிட்டு, பனியனோடு என் பக்கத்து சீட்டில் ஏறினார். குளிருக்கு என் துண்டைக் கொடுத்தேன். தலையில் கட்டிக்கொண்டார்.

2. பேச்சியம்மாள்

முந்தின நாள் போடியில் ஒரு பள்ளிக்கூட விழாவில் அவர் பேசியிருந்தார். நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்கள், சாதியைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்பதெல்லாம் சாக்கு, உழைக்கிறவனை யாரும் நிறுத்த முடியாது, நின்றுபோனவன் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு. பி.டி. வாத்தியார் ஒருவர் எழுந்து, வெளிநாட்டில் ஆடும்போது கூட்டத்திலிருந்து அவர் நிறத்தைச் சொல்லிக் கத்தினார்களே என்று கேட்டாராம். "அடுத்த பந்துல விக்கெட் எடுத்தேன். அதான் பதில்," என்றாராம் இவர். ஒரே விசில்.

என் ஜீப்பில் வரும் பேச்சியம்மாள் அந்த விழாவுக்குப் போயிருந்தார். பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"அப்பு, நேத்து நல்லாப் பேசுனீக. எம்மகன் காதுல விழட்டும்னுதான் இழுத்துட்டு வந்தேன். அவன் அங்கயும் தூங்கிட்டான்."

ஜீப்பே சிரித்தது.

"சொந்த முயற்சி இல்லன்னா ஒண்ணும் நடக்காதுக்கா," என்றார் மாரிச்சாமி.

"அதேதான். நீங்களும் கருப்பு, நானும் கருப்பு. நம்மள யாரு என்ன பண்ணிட்டா? அவனுக்கு ஒடம்பு வணங்கல. அம்புட்டுத்தான்."

இருவருக்கும் அவ்வளவு ஒற்றுமை. நான் வாய் திறக்கவில்லை. வளைவில் பேச்சுக் கொடுத்தால் கியர் சிக்கும்.

3. முன்கேட்டு

ரிசார்ட் முன்கேட்டில் பூவால் வளைவு கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் கையை உயர்த்தி ஓடிவந்தார்.

"பின்கேட்டு! பின்கேட்டு! வேலையாளுக சுத்திப் போங்க!"

முன்பெல்லாம் எஸ்டேட்டுக்கு அந்த வழியாகத்தான் போவோம். ரிசார்ட் வந்த பிறகு எங்களை மலைக்குப் பின்னால் மண் ரோட்டில் சுற்ற விட்டார்கள். மழை பெய்தால் பெண்கள் இறங்கி வண்டியைத் தள்ள வேண்டும். லேட்டாகப் போனால் கங்காணி அரை நாள் கூலிதான் போடுவார்.

"நான்தான் சீஃப் கெஸ்ட்," என்றார் மாரிச்சாமி.

"அப்படிச் சொல்லிக்கிட்டு வர்றதுல நீங்க மூணாவது ஆளு."

"யோவ், நெசமாவே நான்தான்யா மாரிச்சாமி!"

"மாரிச்சாமி சார் அப்பவே உள்ள போயிட்டாரு. மாலையே போட்டாச்சு."

எட்டிப் பார்த்தோம். புல்வெளியில் ஏஜென்ட் முழங்கால் வரை தொங்கும் ரோஜா மாலையோடு நின்றார். அவர் "நான் இல்ல, நான் இல்ல" என்று கையை ஆட்டினார். என்ன பணிவு என்று செண்டை மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

பேச்சியம்மாள் வாட்ச்மேனை அடையாளம் கண்டுவிட்டார். "ஏலே, நீ ராசிங்காபுரம் முருகேசன்தான? ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? டி.வி.யில வர்ற மனுசன்டா!"

"சித்தி, டி.வி.யில வர்றவரு பளபளன்னு இருப்பாரு. இவரு தலையில துண்டு கட்டியிருக்காரு."

மாரிச்சாமிக்குக் கோபம் ஏறியது. "என்னையப் பாத்தா ஒனக்கு எப்படித் தெரியுது?"

முருகேசன் நிதானமாகப் பார்த்தார். "எங்கள மாதிரித்தாண்ணே தெரியுது."

அவமதிக்கச் சொன்னதல்ல. முருகேசன் அவரைவிட இரண்டு மடங்கு கருப்பு.

அதற்குள் ஏஜென்டின் பேச்சு எடுபட்டிருக்க வேண்டும். ரிசார்ட் மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்து ஆயிரம் ஸாரி சொன்னார். மாரிச்சாமி முருகேசனைக் காட்டினார். "மொதல்ல இந்தாளத் தூக்குங்க. மனுசன மதிக்கத் தெரியாதவன்."

"இப்பவே சார். முருகேசா, தொப்பியக் கழட்டு."

முருகேசன் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மாள் கீழே இறங்கினார்.

"அப்பு, இவனத் தூக்குனா நாளைக்கு வேற ஒருத்தன் இதே தொப்பியப் போட்டுக்கிட்டு இதேதான சொல்லப் போறான்?"

"எனக்குச் சொன்னதத்தாண்ணே செஞ்சேன்," என்றார் முருகேசன். "காருல வந்தா சல்யூட்டு. ஜீப்புல கருப்பா, துண்டு கட்டி வந்தா பின்கேட்டு. எனக்கே பின்கேட்டுதான். டூட்டி முடிஞ்சா சுத்தித்தான் போறேன்."

மாரிச்சாமி மேனேஜர் பக்கம் திரும்பினார். "இது யாரு போட்ட ரூலு?"

"ரூல்னு எழுதியெல்லாம் வைக்கல சார். ஒரு பிராக்டிஸ்."

வாந்தி எடுத்தபோதுகூட மாரிச்சாமியின் முகம் அப்படி ஆகவில்லை. பிறகு, "முருகேசண்ணே, தொப்பியப் போடுங்க," என்றார். மேனேஜரிடம், "இந்த ஜீப்பு இனிமே இந்த வழியாத்தான் போகும். நானும் இதுலதான் உள்ள வருவேன்," என்றார்.

"இன்னிக்கு மட்டும்னா ஓகே சார்."

"தெனமும்."

"முதலாளியக் கேக்கணும் சார்."

"கேட்டுட்டு வாங்க. உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்துவிட்டார். செண்டை நின்றது. முகூர்த்தம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் தவித்துப்போனார். "அப்பு, நியாயம் கேக்குறது நல்லதுதான். கொஞ்சம் வெரசாக் கேளுங்க. கங்காணி அரை நாளு போட்டுருவான்."

ஒருவழியாக உத்தரவு வந்தது, கேட்டு திறந்தது. பூ வளைவைக் காரின் உயரத்துக்குக் கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஜீப்பின் கேரியரில் சிக்கி, வளைவு மொத்தமும் எங்களோடு உள்ளே வந்தது. விருந்தாளிகள், இதுவும் ஏற்பாடுதான் போலிருக்கிறது என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் ட்ரிப் பெண்கள் தலையில் ரிசார்ட் பூதான்.

4. பிறகு

காலையில் எங்கள் ஜீப்பை முன்கேட்டு வழியாக விட்டார்கள். சாயங்காலம் விருந்தாளிகள் புல்வெளியில் டீ குடிப்பதால், திரும்பும்போது பழையபடி மண் ரோடுதான். முருகேசனின் வேலை தப்பியது. டூட்டி முடிந்தால் அவருக்கு இன்றும் பின்கேட்டுதான்.

ரொம்ப நாள் கழித்து மாரிச்சாமியின் பேட்டி ஒன்று செல்போனில் வந்தது; ஒரு காலை முன்கேட்டில் ஜீப்பை நிறுத்தி முருகேசனோடு பார்த்தோம். உழைப்பு உழைப்பு என்று முக்கால்வாசி பழைய பேச்சுத்தான். நடுவில் இந்தக் கேட்டுக் கதையைச் சொன்னார். அவர் சொன்ன கதையில், முருகேசனின் வேலையை முதலிலிருந்தே காப்பாற்றியவர் அவர்தான்.

"தூக்கச் சொன்னதே இவருதான! அத அப்படியே முழுங்கிட்டாரே!" என்று பேச்சியம்மாள் கொதித்தார்.

"விடு சித்தி," என்றார் முருகேசன். "முன்னாடி ஆளப் பாத்து ஒதுக்குறதுன்னு ஒண்ணு ஒலகத்துலயே நடக்கலன்னுல்ல பேசிக்கிட்டிருந்தாரு. இப்ப நடந்துச்சுன்னாவது சொல்றாரே."

மலை லைனுக்குப் புதிதாக வரும் டிரைவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேட்டில் நிற்கிறவனிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். இப்படி நிறுத்தச் சொன்னது யார் என்று கேளுங்கள். சொன்ன ஆள் வெளியே வரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்காதீர்கள்.