மாமரத்தில் இருந்த ஆணிகள்

2005ஆம் வருடம் கார்த்திகை மழையின்போது, புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டம் என்று சொல்வதுகூட அதிகம். வீட்டுக்கும் பின்மதிலுக்கும் நடுவே பன்னிரண்டடி மண். அதில் ஒரு மாமரம், ஒரு துணிக்கொடி, மூலையில் காங்கிரீட் தளம் போட்ட ஒரு குளியலறை. அவ்வளவுதான். நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். ஒரே மகள் ஆறு வயதில், 1988 நவம்பரில், மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று என்னிடம் இருந்ததற்குக் காரணம் என் தம்பி. அவன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவன். சொல்தா என்று எங்கள் ஊரில் சொல்லும் சிப்பாய் பென்ஷன் வந்ததும் ஊருக்கு வெளியே ஒரு சவுக்குத் தோப்பு வாங்கினான். கப்பலில் சாமான்களோடு மெஷினையும் கொண்டுவந்தான். குளிர் இல்லாத ஊர் ஒத்துவரவில்லை என்று மறுபடி பிரான்சுக்கே போனபோது, தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் மெஷினும் என் தலையில் விழுந்தன. தோப்பில் ஆட்கள் அறுப்பார்கள். மெஷினில் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி மழுங்கினால் வீட்டுக்கு எடுத்துவந்து சாணை பிடித்துக் கொடுப்பது என் வேலை.

அதற்கும் அவனே ஒரு சின்ன மோட்டார் அனுப்பியிருந்தான். கைக்குள் அடங்கும். நுனியில் பென்சில் கனத்துக்கு ஓர் உருளைச் சாணைக்கல்லைப் பொருத்த வேண்டும். சாய்வு தவறாமல் இருக்கக் கோடு போட்ட தகடு ஒன்றையும் மாட்டிக்கொள்ளலாம். மற்ற சாமான்போல நேராகக் கரண்டில் ஓடாது. இரண்டு கவ்விகளைப் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் கடிக்க வைத்தால் ஓடும். எங்கள் சங்கிலியில் பல் இருபத்தெட்டு. பதினான்கு இடப்பக்கம் சாய்ந்தவை, பதினான்கு வலப்பக்கம். ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மெஷினைத் திருப்பி மறு பக்கம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் கல்லை மூன்று தடவை உள்ளிருந்து வெளியே இழுப்பேன். கூடக் குறைய இழுத்தால் ஒரு பக்கப் பல் குட்டையாகி, வெட்டு கோணலாகப் போகும். அழுத்திப் பிடித்தால் இரும்பு நீலம் பாய்ந்து வலு போய்விடும். ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணிச் செய்கிற வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரம் முழுக்க மழை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. அன்று காலை பத்து மணி இருக்கும். மனைவி குளிக்கப் போனாள். காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. கரையான் அரித்திருந்த மாமரம் அடியில் ஒடிந்து, குளியலறைக் கதவுக்குக் குறுக்கே விழுந்தது. கதவு வெளிப்பக்கம் திறப்பது. அடிமரம் தாழ்ப்பாள் போட்டதுபோல அதன்மேல் சாய்ந்து கிடந்தது. கவட்டைப் பக்கம் மதில்மேல் தொங்க, ஒரு பெரிய கிளை குளியலறைத் தளத்தின்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.

"என்னாங்க, கதவு தொறக்கல!"

"மரம் விழுந்துட்டுது. பயப்படாத. அசையாம இரு."

"எங்க அசையறது? தண்ணி உள்ள வருது. வாளிய கவுத்து அதும்மேல நின்னுகினு இருக்கேன்."

சாக்கடை எதிர்த்துக்கொண்டு அந்த அறைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சர்க்கரை நோய். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று போனவள். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு ஒருவர் போன் செய்தார். வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, எப்போது வர முடியும் என்று சொல்ல முடியாது என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் கோடாலியை ஓங்கி இரண்டு போடு போட்டார். தளத்திலிருந்து காரை பொலபொலவென்று உள்ளே கொட்டியது.

"யாருங்க அது இடிக்கிறது? மொதல்ல என்ன கொன்னுட்டு அப்புறம் காப்பாத்துவீங்களா?"

கோடாலியைக் கீழே போட்டார். கடப்பாரையால் சுவரை இடிக்கவும் முடியாது, தளம் இறங்கிவிடும். மெஷின் ஒன்றுதான் வழி. கதவைத் தாண்டி ஒரே வெட்டு வெட்டினால் அடித்துண்டைக் கயிறு கட்டி இழுத்துவிடலாம். மதில்மேல் கிடக்கும் மேல்மரம் அப்படியே இருக்கும்.

எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. அந்த மரத்தில் ஆணிகள் இருந்தன. கிறிஸ்துமஸ் வந்தால் தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிற உயரத்தில், ஏணி போட்டு ஏறி, மனைவிதான் நட்சத்திரம் கட்டுவாள். நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். பழைய ஆணியில் புது நட்சத்திரம் கட்டக் கூடாது என்பது அவள் அம்மா வீட்டு வழக்கம். அதனால் வருடத்துக்கு ஓர் ஆணி. அந்த வீட்டுக்கு வந்த 1979இலிருந்து போன வருடம் வரை இருபத்தாறு கிறிஸ்துமஸ். மகள் இறந்த வருடம் துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. ஆக, இருபத்தைந்து ஆணி. எல்லாம் ஏணி உயரத்துக்கு மேலே. கீழ்மரத்தில் ஒன்றுகூட இல்லை. இதை நான் மனதுக்குள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைக் கிளப்பினேன். மரம் நின்றிருந்தபோது என் தோள் உயரத்தில் இருந்த இடத்தில், சமையலறையைப் பார்த்த பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். கிரீச்சென்று ஒரு சத்தம், ஒரு பொறி. மெஷின் என் கையை உதறிக்கொண்டு நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் பற்கள் பலதும் முனை தெறித்துப் போயிருந்தன.

உள்ளே அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

"எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"சமையக்கட்டுப் பக்கம்."

"எவ்ளோ ஒசரத்துல?"

"என் தோள் ஒசரம்."

மயங்கிவிட்டாளோ என்று கதவைத் தட்டினேன்.

"அது ஆணிதாங்க. நான் அடிச்சது."

"நீ எல்லாம் மேலல்ல அடிச்ச?"

"இது வேற. பாப்பா அடுத்த வருஷம் நானே நட்சத்திரம் கட்டுவேன்னு சொல்லிகினு இருந்தா இல்ல? அவ போயிட்ட அந்த வருஷம், அவ கை எட்டுற ஒசரத்துல ஒண்ணு அடிச்சேன். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க."

நான் கேட்க வேண்டியிருந்ததைக் கேட்டேன். அதைக் கேட்காமல் அடுத்த வெட்டு போட முடியாது.

"ஒண்ணுதானா?"

"வருஷா வருஷம் அடிச்சேன். அவ வளந்திருந்தா எட்டுற ஒசரத்துக்கு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா. ஒண்ணும் கட்டல, வெறும் ஆணிதான். பதினெட்டு வயசோட நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? அதுக்கு மேல வளர மாட்டாளே."

நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஆறிலிருந்து பதினெட்டு. பதின்மூன்று ஆணி. அந்தத் துக்கத்தை நான் ஒரே வருடக் கணக்காகக் கழித்து வைத்திருந்தேன். அவள் பதின்மூன்று வருடம் அதை வளர்த்திருக்கிறாள்.

"என்னாங்க, உக்காந்துடாதீங்க. வாளி பாதி முழுகிட்டுது" என்றாள், பார்த்ததுபோல.

சங்கிலியைச் சாணை பிடித்தாக வேண்டும். மோட்டாரை எடுத்துவந்து இதற்கென்று வீட்டில் சார்ஜ் ஏற்றி வைக்கும் என் பழைய பாட்டரியில் கவ்விகளை மாட்டினேன். முனகக்கூட இல்லை. மூன்று நாள் கரண்ட் இல்லாததில் அது செத்துப் போயிருந்தது. கோபத்தில் அதைக் காலால் உதைத்தேன். என் கால்தான் வலித்தது.

அப்போதுதான் ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியதால் ஆட்டோவை நிறுத்திவிட்டு, சத்தம் கேட்டு வந்தவர். அதற்கு முன்னும் பின்னும் நான் அவரைப் பார்த்ததில்லை.

"பாட்டரிதானே பெரியவரே? என் வண்டில இருக்குது. இருங்க, கழட்டிகினு வரேன்."

"உங்க வண்டி?"

"அது எங்க ஓடிப் போயிடும்? தண்ணில நிக்குது. மீன் வேணா ஏறிக்கும்."

கொண்டுவந்து மாட்டினார். சாணைக்கல் சுழன்றது. அவரே குடை பிடித்தார். நான் தொடங்கிய முதல் பல்லில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று இழுப்பு, அடுத்த பல். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ண எண்ண வேறு கணக்குதான் ஓடியது. இந்தப் பல் ஆறு வயது, இது ஏழு, இது எட்டு. எட்டு வயதில் எவ்வளவு உயரம் இருந்திருப்பாள்? எனக்குத் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, தெருப் பெண்களைப் பார்த்துப் பார்த்து அளந்திருக்கிறாள். உள்ளிருந்து இருமல் கேட்டது. முன்பெல்லாம் கதவை அதிரவைக்கும் குரல், இப்போது காற்றுப்போல வந்தது.

"தல சுத்துதுங்க."

"இதோ முடிஞ்சிடுச்சு."

முடியவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக எண்ணிக்கை தவறிவிட்டது. சுண்ணாம்புக் கோட்டை மழை கழுவிவிட்டது. எந்தப் பல்லில் தொடங்கினேன், எத்தனை போயிற்று, ஒன்றும் தெரியவில்லை. அப்படியே கல்லைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். இவளும் போய்விடப் போகிறாள், நான் இங்கே பல் எண்ணிக்கொண்டு இருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

"பெரியவரே, அது முடிஞ்சுட்டுது. பளபளன்னு இருக்குது பாருங்க. இந்தாண்ட அஞ்சு மங்கலா இருக்குது, அத்த இழுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

இழுத்தேன். மெஷினைத் திருப்பி மறுபக்கத்தையும் அவர் சொல்லச் சொல்ல இழுத்தேன். இரண்டு பல் நீலம் பாய்ந்துவிட்டன. போகட்டும் என்று விட்டேன்.

"பாப்பாவோட மொதல் ஆணி எங்க இருக்குது, சரியா சொல்லு" என்று கதவில் வாயை வைத்துக் கேட்டேன்.

"என் நெஞ்சு ஒசரம். அதுக்குக் கீழ இல்ல. மாதா மேல ஆணையா இல்ல."

கதவின் விளிம்பு முடியும் இடம் மரத்தில் அவள் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே வந்தது. அதற்கும் நெஞ்சு உயரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. ஒரு சாண்தான். ஆறு வயதில் மகள் இன்னும் குட்டையாக இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

அந்தச் சாணுக்குள் மெஷினை இறக்கினேன். வெட்டு கொஞ்சம் கோணலாகத்தான் போனது. ஆட்டோக்காரர் வெட்டுக்குள் கட்டையைச் செருகிச் செருகி வாய் மூடாமல் பார்த்துக்கொண்டார். கடைசியில் மரம் ஒரு பெருமூச்சுபோல இறங்கியது. ஏழு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்ததில் அடித்துண்டு உருண்டது. கதவைத் திறந்தேன். வாளியின்மேல் நின்றபடி, நைட்டி நனைந்து, தலையெல்லாம் காரையோடு, குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. எதிர்வீட்டு அம்மா சர்க்கரையை அள்ளி அவள் வாயில் போட்டார்.

அவள் கண்ணைத் திறந்து முதலில் ஆட்டோக்காரரைத்தான் பார்த்தாள். "யாருப்பா நீ?"

"பாட்டரிக்காரன்மா" என்று சொல்லிவிட்டு, பாட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மாலையில் அவள் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினேன்.

"அந்தச் சங்கிலிய தொடச்சு எண்ண போட்டு வைங்க. துருப் புடிச்சிடும்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சங்கிலியைத் துடைத்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மரத்தை வாங்க வந்தவர்கள், ஆணி மரம் வாளைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேல்மரம் தோட்டத்திலேயே கிடந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்வாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரத்தை ஜன்னல் கம்பியில் கட்டினோம். 2008இல் சிறுநீரகம் கெட்டு அவளும் போய்விட்டாள்.

இப்போதும் மருந்து மாத்திரை, படிக்கட்டு, தெருவில் போகும் வண்டி என்று எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எந்தக் கணக்கு சரியாக வந்தாலும் மனம் ஆறுவதில்லை, ஏனென்றால் ஒரே வீட்டில் அவளோடு இருந்துகொண்டு, பதின்மூன்று வருடம் அந்த மரத்தில் சுத்தியல் விழுந்த சத்தத்தை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.