ஒற்றைத் திறப்போடு வந்த கார்

யுத்தம் முடிந்து எட்டொன்பது வருடங்கள் ஆகியிருந்தன. கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் வெடித்து, ஊரடங்குச் சட்டம் போட்ட வாரம் அது. நாங்கள் அப்போது அலவத்துகொடையில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்தான். கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை. சுற்றிவர எல்லாம் முஸ்லிம் குடும்பங்கள். பக்கத்து வீட்டில் நாங்கள் உம்மா என்று கூப்பிடும் ஒரு வயதான அம்மா, அவருடைய மருமகள், மருமகளின் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. அவளுடைய கணவர் வியாபார விஷயமாகக் கொழும்புக்குப் போனவர், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்த கார். இங்கே வந்து இறங்கும்போதே ஒரேயொரு திறப்போடுதான், ஒரே சாவியோடுதான் வந்தது. அதைத் திறப்பு என்று சொல்வதும் பிழை. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு ரிமோட். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டனை அழுத்தினால் போதும், கார் ஸ்டார்ட் ஆகிவிடும். கார் பேசுவதெல்லாம் ஜப்பான் மொழி. எதற்கெடுத்தாலும் பீப் பீப் என்று கத்தும், திரையில் ஏதோ எழுத்து ஓடும், எனக்கு ஒன்றும் விளங்காது. சீற் பெல்ற் போடாததற்குத்தான் கத்துகிறது என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

இரண்டாவது ரிமோட் ஒன்று செய்து வைக்கச் சொல்லி மனைவி கிழமைக்கு ஒரு தரமாவது சொல்லுவாள். அவள் பள்ளிக்கூட ரீச்சர், வாய்க்கு வாய் பழமொழி. “ஒரு கண்ணும் கண்ணில்லை, ஒரு பிள்ளையும் பிள்ளையில்லை எண்டு சும்மாவே சொல்லி வைச்சவை? ஒரு திறப்பும் திறப்பில்லையப்பா” என்பாள். நான் ஓம் ஓம் என்பேன். அவ்வளவுதான். சோம்பேறித்தனத்துக்கு என்னிடம் எப்போதும் காரணம் இருக்கும். கண்டிக் கடைக்காரன் காரை ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் போகச் சொல்கிறான் என்பது அந்த வருடத்துக் காரணம்.

அன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அக்குறணைப் பக்கம் புகை எழும்புவது எங்கள் முற்றத்திலிருந்தே தெரிந்தது. பக்கத்து வீட்டு உம்மா மதிலுக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டார். முகத்தில் இரத்தம் இல்லை. “தம்பி, புள்ளைக்கு நோவு கண்டிட்டு. தண்ணிக்குடமும் உடஞ்சி ஈக்கி. எந்த வாகனமும் வரமாட்டேங்கிறாங்க.”

நானும் நாலைந்து இடங்களுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அந்தப் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவமும் சிக்கல் என்றும், இந்த முறை வெட்டித்தான் எடுக்க வேண்டும், நோவு வந்தால் கொஞ்சமும் சுணங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றும் உம்மா சொல்லச் சொல்ல நான் தொலைபேசியும் கையுமாக நின்றேன். மனைவிதான், “ஏன் நிண்டு யோசிக்கிறியள்? காரை எடுங்கோ” என்று அதட்டினாள். அந்த இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்து எங்கள் வீட்டுக்குள் விட்டாள்.

காரை ஸ்டார்ட் செய்து கேட்டுக்கு வெளியே எடுத்தேன். மனைவி ஓடிவந்து ஜன்னலில் தட்டினாள். கேட்டை உள்ளே பூட்டிக்கொள்ள வேண்டும், பூட்டின் திறப்பைத் தாங்கோ என்றாள். கேட் திறப்பு, வீட்டுத் திறப்பு, கார் ரிமோட் எல்லாம் ஒரே வளையத்தில் இருந்தன. நான் அந்த வளையத்தை அப்படியே ஜன்னலால் அவள் கையில் கொடுத்தேன். இப்படிப்பட்ட கார்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட் வெளியே போனால் நிற்பதில்லை. ஆனால் நிறுத்தினால், ரிமோட் இல்லாமல் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தெரியாது.

பக்கத்துக் கேட்டில் அவர்களை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் கார் கத்தத் தொடங்கியது. திரையில் சிவப்பு எழுத்து. “உம்மா, பெல்ற்றைப் போடுங்கோ, அதுக்குத்தான் கத்துது” என்றேன். அவர் பாவம், போட்டார். கொஞ்ச நேரத்தில் சத்தமும் நின்றுவிட்டது. பார், நான் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய கெட்டிக்காரன்!

கண்டி வீதியில் ஏறினோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் அதே ஏ-ஒன்பது வீதிதான். ஒரு குருவி இல்லை. வழியெல்லாம் கல்லும் போத்தல் ஓடும். ஞாயிறு தோறும் நான் பாண் வாங்கும் பேக்கரியின் கூரை இறங்கிப்போய்க் கிடந்தது, உள்ளே இன்னும் புகைந்துகொண்டிருந்தது. போன ஞாயிறுதான் அந்த முதலாளி மீன் வைத்த மாலு பாண் சூடாக இருக்கிறது என்று வற்புறுத்தி ஒன்று கூடப் போட்டுத் தந்தார். பின்னால் இருவரையும் குனிந்துகொள்ளச் சொன்னேன். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். உம்மா அவளுடைய தலையை மடியில் வைத்து ஓதிக்கொண்டிருந்தார்.

கட்டுகஸ்தோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வீதியின் குறுக்கே பீப்பாய்கள் வைத்திருந்தார்கள். ஆமி, அதாவது இராணுவம். பின்னால் இரண்டு பொலிஸ்காரர்கள், ஒரு ஜீப்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் யுத்தத்துக்குள் வளர்ந்த எல்லோருக்கும் ஒரு பழக்கம் எலும்பில் ஊறிக் கிடக்கிறது. சென்றியை, ஆமிக் காவலரணைக் கண்டால் வேகத்தைக் குறை, எஞ்சினை நிற்பாட்டு, அடையாள அட்டையைக் கையில் எடு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமல் உருட்டிக்கொண்டு போனதற்காக என் சிநேகிதன் ஒருவன் வெயிலில் முழங்காலில் நின்றதை நான் கண்ணால் கண்டவன்.

பச்சை உடுப்பைக் கண்டதும் என் கால் பிரேக்கை மிதித்தது, கை தன்பாட்டில் பட்டனை அழுத்தியது. இன்னொரு கை அடையாள அட்டையை எடுத்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை.

முன்னால் நின்ற கோப்ரல் “யன்ன, யன்ன” என்று சத்தம் போட்டார். போ போ என்கிறார். பட்டனை அழுத்தினேன். பீப். மறுபடி அழுத்தினேன். பீப். திரையில் அதே சிவப்பு எழுத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட், ஜன்னல், மனைவியின் கை, அந்த வளையம்! ஐயோ கடவுளே!

இல்லை, இருக்காது, சட்டைப் பையில் இருக்கும், சீற்றுக்குக் கீழே விழுந்திருக்கும் என்று விசரன் மாதிரிக் குனிந்து தேடினேன். சென்றியில் நிற்கிற காருக்குள் ஒருவன் குனிந்தால் ஆமி என்ன நினைக்கும்? ஒரே சத்தம். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு துவக்குகள் என்னைப் பார்த்தபடி. கையைத் தூக்கினேன்.

திறப்பு எங்கே என்று கோப்ரல் கேட்டார். வீட்டில் என்றேன். திறப்பு வீட்டில் என்றால் கார் எப்படி வந்தது? நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரியாது. யாழ்ப்பாண அடையாள அட்டையோடு ஒருவன், திறப்பில்லாத ஒரு கார், பின் சீற்றில் ஒளிந்துகொண்டு இரண்டு முஸ்லிம் பெண்கள். அவருடைய இடத்தில் நான் இருந்தால் நானும் துவக்கை இறக்கியிருக்க மாட்டேன். இதற்குள் அந்தப் பெண் வீரிட்டுக் கத்தினாள்.

உம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். நல்ல கண்டிச் சிங்களத்தில், என்னைப் பிறகு விசாரியுங்கள், முதலில் என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கோப்ரல் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை, ஜீப்பைக் கூப்பிட்டார். அவரும் இன்னொருவரும் சேர்ந்து அந்தப் பெண்ணைத் தாங்கி ஏற்றினார்கள்.

நானும் ஏறப் போனேன். கோப்ரல் தடுத்தார். கார் சென்றியின் நடுவில் நிற்கிறது, தள்ளவும் முடியாமல் சில்லுகள் பூட்டிக்கொண்டன, அதற்குரியவன் இங்கேதான் நிற்க வேண்டும் என்றார். உம்மா ஜீப்புக்குள் இருந்து என்னைப் பார்த்தார். “தம்பி, நீங்களும் வாங்க” என்றார். அந்த வாரத்தில், துவக்கோடு நாலு ஆண்கள் இருக்கும் ஜீப்பில், இரண்டு பெண்களைத் தனியாக அனுப்பிவிட்டு நான் வீதியில் நின்றேன். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். ரிமோட்டை வாங்கிவர ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் போனார். அவள் லேசுப்பட்டவளா? எத்தனை சொல்லியும் கேட்டைத் திறக்கவில்லையாம். உள்ளே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே. ரிமோட்டை மட்டும் வளையத்திலிருந்து கழற்றி, கைலேஞ்சியில் சுற்றிக் கேட்டுக்குக் கீழால் தள்ளிவிட்டாளாம்.

அந்த ஒரு மணித்தியாலம் நான் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றேன். கோப்ரல் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். குடித்தேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். “ஏன் மாத்தையா, காரை நிற்பாட்டினீங்க? ஊரடங்கில் இப்படிப் பறந்து வருகிற கார் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று நான் தூரத்திலேயே நினைத்தேன். நிற்பாட்டாமல் போகச் சொல்லித்தானே கை காட்டிக்கொண்டு நின்றேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துவக்கு என் பக்கம் திரும்பியபோது கூட நான் அப்படி அதிர்ந்து போகவில்லை. மறிக்காத இடத்தில் நின்றிருக்கிறேன். அவர் கையை நான் பார்க்கவேயில்லை, உடுப்பை மட்டும்தான் பார்த்தேன். அதைச் சொன்னேன். அவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துகொண்டே, தானும் யுத்தத்தில் வன்னியில் ஆறு வருடம் நின்றவன் என்றார். மறிக்காமலே கார் நின்றதும் தன் கையும் யோசிக்காமல்தான் துவக்குக்குப் போனது என்றார்.

ரிமோட் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு கதிரையில் உம்மா தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆண் பிள்ளையாம். முதலில் அழவில்லையாம், நீலமாகக் கிடந்ததாம், இப்போதுதான் அழுததாம். “இன்னும் கொஞ்சம் சுணங்கி இருந்தா ரெண்டு பேரும் இல்லையாம் தம்பி” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “கார் பழுதாப் போனதுக்கு நீங்க என்ன செய்யிற? அழாதீங்க” என்று என் தோளைத் தட்டினார்.

கார் பழுதாகவில்லை உம்மா, போ என்று சொன்ன இடத்தில் நான்தான் நிற்பாட்டினேன் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அந்தக் குடும்பம் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறது. ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டிலப்பத்தோடு வரும்போது, எங்கள் உயிரைக் காப்பாற்றியவர் என்று வந்திருப்பவர்களுக்கு என்னைக் காட்டுவார்கள். மனைவி என்னைப் பார்ப்பாள், நான் கூரையைப் பார்ப்பேன். முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன்.

அடுத்த கிழமையே காரைக் கடையில் விட்டு இரண்டாவது ரிமோட் செய்வித்தேன். அது மனைவியின் கைப்பைக்குள் கிடக்கிறது. அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். என் காரில் ஏறினால் பட்டனை அவன்தான் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் சண்டை. அவனுடைய அந்தச் சின்ன விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடும். திறப்புக்கு மாற்று செய்துவிட்டேன். உடுப்பைக் கண்டதும் அதற்குள் நிற்கிற மனிதனைப் பார்க்க மறந்துபோகிற என் கண்ணுக்கு மாற்று எங்கே செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.