ஓமார் சொன்ன வார்த்தை

சிங்கப்பூரில் துவைத்த வேட்டி லேசில் காயாது. காலையில் கொடியில் போட்டால் மத்தியானம் மழை நனைக்கும். உள்ளே எடுத்துப் போட்டால் மறுநாளும் ஈரம் போகாது. நாகப்பட்டினத்து வெயிலில் வளர்ந்த எனக்கு இது வெகுநாள் விசித்திரமாக இருந்தது. இந்த ஊரின் ஈரம் துணியோடு நிற்பதில்லை என்பதை, வந்த மூன்றாம் வாரம் ஒரு மோட்டார் படகில் தெரிந்துகொண்டேன்.

ஊரில் நான் நெல் ஆலையில் நீராவி எஞ்சின் ஓட்டியவன். அதில் கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரியும். எங்காவது ஆவி சீறும். மோட்டாரைத் தொட்டதேயில்லை. சிராங்கூன் சாலையில் என்னோடு அறையில் இருந்த சுல்தான்தான் ஒரு வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் படகில் வேலை பிடித்துக் கொடுத்தார். "மோட்டார் தெரியுமான்னு தொரை கேப்பாரு. தெரியும்னு சொல்லுங்கண்ணே, மத்ததைப் பொறவு பாத்துக்கலாம்" என்றார். அப்படியே சொன்னேன்.

மழைக்காலம் முழுவதும் தஞ்சோங் ரூவில் கரையேற்றி வைத்திருந்த படகை ஒரு காலையில் இறக்கினோம். சுக்கான் பிடித்தவர் ஓமார் என்ற மலாய்க்காரர், என்னைவிட மூத்தவர். சற்றுத் தூரம் போனதும் எஞ்சின் இருமத் தொடங்கியது. இரண்டு சிலிண்டரும் விட்டுவிட்டு வெடித்தன. மதியம் துரை வருவார். படகு ஓடாவிட்டால் என் பொய் வெளியாகும். அடுத்த கப்பலில் ஊருக்குத்தான். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன், கம்பிகளை இறுக்கினேன். ஓமார் பெட்ரோல் தொட்டியைக் காட்டி, "ஆயர்" என்றார். எங்கள் ஆலை ஃபோர்மன் காற்றை 'ஏர்' என்பார். குழாயில் காற்றுப் புகுகிறது என்கிறார் போலும் என்று நினைத்து, "ஏர், ஏர்" என்று தலையாட்டினேன். அவரும் மகிழ்ந்து தலையாட்டினார். பிறகு குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் சோப்பால் அடைத்துக்கொண்டிருந்தேன். இருமல் நிற்கவில்லை.

கடைசியில் ஓமார் என்னை மெல்ல விலக்கிவிட்டு, தொட்டியின் அடியிலிருந்த திருகைத் திறந்து, வடிந்ததைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் தனியாகத் தண்ணீர். "ஆயர்" என்றார் மறுபடியும், பொறுமையாக. மலாயில் தண்ணீருக்கு அதுதான் பெயர். மழைக்காலத்து ஈரமெல்லாம் பாதி காலியான தொட்டிக்குள் இறங்கியிருந்தது. முழுவதையும் வடித்துப் புது பெட்ரோல் ஊற்றியதும் எஞ்சின் சீராக ஓடியது.

துரை வந்தார். தொட்டியில் தண்ணீர் இருந்ததைச் சொன்னேன். "நீயா கண்டுபிடித்தாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார். என் பின்னால் ஓமார் ஒன்றும் விளங்காமல் சிரித்தபடி நின்றார்.

"எஸ், சார்."

வேலை நிரந்தரமாயிற்று. துரை என்ன சொன்னார் என்று ஓமார் சைகையில் கேட்டபோது கையை விரித்தேன். அன்று எனக்கு மலாய் தெரியாதது உண்மைதான்.

ஒன்பது வருஷமாக ஒரே படகில் இருக்கிறோம். இப்போது கனவுகூட மலாயில் வருகிறது. அவர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவரிடம் சொல்லவேண்டியதை, அவருக்குத் தெரியாத தமிழில், அவரை ஒருநாளும் பார்க்கப்போகாத உங்களுக்கு எழுதுகிறேன்.

படகு துறையில் கட்டிக் கிடக்கிறது. யாருக்கு எழுதுகிறாய் என்று ஓமார் கேட்டார். ஊருக்கு என்றேன். கடற்காற்றில் காகிதம் படபடக்கிறது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் எழுதி முடிக்கும்வரை பறந்துவிடாதபடி, அதன் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.