பித்தளைத் தட்டும் பிஸ்கட் டின்னும்

மலாய் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தைக் கேட்க அன்று காலை காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. நான் கட்டிய ரேடியோவோ இரைந்துகொண்டே இருந்தது. வால்வு, கண்டென்சர், எர்த் என்று வரிசையாகப் பார்த்தேன்; எல்லாம் சரி. மேசையில் பக்கத்திலேயே வைத்திருந்த டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம்தான் ரேடியோவுக்குள் புகுகிறது என்று புரிந்தது. இடையில் பித்தளைப் பூஜைத் தட்டை மறைப்பாக நிறுத்தினேன். இரைச்சல் குறையவே இல்லை.

"டிப்ளமா வாங்குன புள்ள! ரேடியோவுல வண்டுதான் பாடுது லா," என்றார் பக்கத்து வீட்டு மரியம்மா அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். கோபத்தில் தட்டை உருவினேன்.

மேசையில் வேறு இடமில்லாததால், அக்கா தம் பிஸ்கட் டின்னை அந்த இடைவெளியில் வைத்தார். இரைச்சல் அடங்கியது. பிஸ்கட் கொடுக்க அதை எடுத்தார், மறுபடி இரைந்தது.

"அக்கா, டின்ன அங்கயே வைங்க!"

"அப்ப பிஸ்கட்டு?"

"தட்டுல கொட்டுங்க!"

காந்தப்புலம் பித்தளையை அப்படியே கடந்துவிடும். டின்னின் இரும்பைத் தொட்டால் வளைந்து அதற்குள்ளேயே ஓடும். தேர்வில் இதைப் படம் போட்டு எழுதியவள், வீட்டில் பளபளப்பாக இருந்த தட்டைத் தேடி எடுத்திருக்கிறேன்.

"மெர்டேக்கா!" விடுதலை என்ற அந்த மலாய்ச் சொல் தெளிவாகக் கேட்டது. எல்லாரும் கையை உயர்த்தி முழங்கினார்கள். என் இரண்டு கைகளும் டின்னை அசையாமல் பிடித்திருந்தன. இன்றும் அந்த முழக்கம் கேட்டால், என் கை உயர்வதற்கு முன் எதையோ பிடிக்கப் போகிறது.