புறணிக் காசு

அந்தத் தையல் பட்டறையில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடிந்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டுவது அவள் வேலை. "கையில ஒண்ணு, வாயில ஒண்ணு. வாயில இருக்கறதுக்குச் சாணையே பிடிக்க வேண்டாம்" என்பாள் பட்டன் மிஷினில் உட்கார்ந்திருப்பவள்.

சட்டையை உள்பக்கம் திருப்பி, காலர் மடிப்பு, அக்குள், கைப்பட்டி, கீழ் ஓரம் என்று ஒரு சுற்று விரலை ஓட்டுவாள். கண்ணுக்குத் தெரியாத பிசிறுகூட விரலில் தட்டுப்பட்டுவிடும். மனிதர்களிடமும் அவளுக்கு அந்த விரல் உண்டு. சூப்பர்வைசர் திட்டுவதற்கு முன் தொண்டையைச் செருமுவது, கட்டிங் மாஸ்டர் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நடப்பது, கணக்கர் பொய் சொல்லும்போது காது மடலைத் தடவிக்கொள்வது, எதுவும் அவளிடம் தப்பாது. அவள் செய்து காட்டினால் அந்த ஆளே வந்து நின்ற மாதிரி இருக்கும். வீட்டில் அவள் கணவர் வாயைத் திறந்தால் அதிசயம். அங்கே செலவாகாத பேச்செல்லாம் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

அவள் பிசிறு வெட்டித் தள்ளும் சட்டைகள் அடுத்த மேசைக்குப் போகும். அது இஸ்திரி அக்காவின் மேசை. கத்திரியைவிடப் பத்து வயது மூத்தவள், அதிகம் பேசாதவள். வந்த நாள் முதல் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. "ஏண்டி, சாப்பிட வரலையா?" என்று அக்கா கூப்பிட்ட பிறகுதான் கத்திரிக்குப் பசியே எடுக்கும்.

பட்டறையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கண் தெரியாத பிள்ளைகளின் விடுதி தெரியும். மாடிக்கு வெளிப்புறமாக ஒரு சிமெண்டுப் படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. பிள்ளைகள் சுவரை ஒட்டித் தடவிக்கொண்டே ஏறுவார்கள். ஒரு நாள் மதியம் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் கண்ணெதிரே ஒரு சின்னப் பெண் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்தப் படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுத் தருவது என்று அன்றே முடிவானது.

முடிவெடுப்பது சுலபம். பணத்துக்கு எங்கே போவது? வீட்டுப் பழைய பேப்பரை எடைக்குப் போட்டார்கள். வெட்டுத் துணியில் பை தைத்து விற்கலாம் என்றாள் ஒருத்தி. வெட்டுத் துணியை ஏற்கெனவே ஓர் ஆள் மொத்தமாக எடுத்துக்கொள்கிறான் என்று முதலாளி கையை விரித்துவிட்டார். டீக்கடையில் ஒரு உண்டியல் வைத்துப் பார்த்தார்கள். அதில் செல்லாத காசும் ஒரு சட்டைப் பட்டனும் விழுந்திருந்தன.

அப்போதுதான் கத்திரிக்கு அந்த யோசனை வந்தது. பால் பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"யாராவது ஒருத்தரைப் பத்தி அவங்க இல்லாதப்போ பேசினா, ஒரு காசு போடணும். அபராதம்."

"அப்ப உன் சம்பளம் பூரா இதுக்குள்ளதான்" என்றாள் பட்டன்காரி. சிரிப்பில் மிஷின்கள் நின்றன.

முதல் வாரம் டப்பா காலியாகவே கிடந்தது. எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். பட்டறை இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் பொறுக்க முடியாமல் பட்டன்காரிதான் எழுந்து வந்தாள்.

"நாமெல்லாம் திருந்திட்டா பிள்ளைங்களுக்குக் கம்பி எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டு, ஒரு காசைப் போட்டாள். "இந்தா, அபராதம் கட்டியாச்சு. இப்போ சொல்லுடி, நேத்து கணக்கரும் முதலாளியம்மாவும் என்ன பேசிக்கிட்டாங்க?"

அந்த நிமிஷத்தில் அபராதம் கட்டணமாகிப் போனது. அதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தவர்களும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து காசைப் போட்டுவிட்டு, "நம்ம சூப்பர்வைசரை எடு", "கட்டிங் மாஸ்டர் மாமியார் வீட்டுக்குப் போறதைப் பண்ணு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளியைச் செய்து காட்டச் சொல்லி சூப்பர்வைசரே ஒரு நோட்டை மடித்துப் போட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். புறணி பேசிய பாவம் புண்ணியக் கணக்கில் வரவானது. யாருக்கும் உறுத்தவில்லை. கத்திரிக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. "கம்பியில பாதி இரும்பு, பாதி என் நாக்கு" என்று அவளே சொல்லித் திரிந்தாள்.

அக்கா மட்டும் ஒரு காசும் போட்டதில்லை. "எனக்கு வேண்டாம்டி. ஊர்ல உள்ளவங்க கதையை நான் எதுக்குக் கேக்கணும்?" என்று இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருப்பாள். கையை இறுக்குகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஏன் என்று கத்திரிக்குத் தெரியும்.

அக்காவின் கணவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதாகத்தான் எல்லோருக்கும் தெரியும். மதியம் சாப்பிட்டதும் அக்கா போனை எடுத்துக்கொண்டு பட்டறைப் படிக்கட்டுப் பக்கம் போவாள். "சாப்பிட்டீங்களா? மாத்திரையை மறந்துடாதீங்க" என்று தணிந்த குரலில் பேசுவாள். ஒரு நாள் தண்ணீர் கொண்டுபோன கத்திரி பக்கத்தில் நின்றபோது, அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் அவள் காதிலேயே மணி அடித்தது. கேஸ் ஏஜென்சிக்காரன். அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் எங்கும் போகவில்லை, நாலு தெரு தள்ளி இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று சொன்னாள். "மகளுக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும்னு ஆரம்பிச்சேன். ஆயிடுச்சு. இப்போ நிறுத்தத் தெரியலைடி" என்றாள். அன்றிலிருந்து அக்கா பேசும்போது வேறு யாரும் அந்தப் பக்கம் போகாமல் கத்திரி காவல் நின்றாள்.

கம்பி போடக் கொல்லன் கேட்ட தொகைக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் கரண்ட் போனது. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வாட்ச்மேனிடம் ஜெனரேட்டரைப் போடச் சொல்ல அக்கா கீழே இறங்கிப் போனாள்.

"சும்மா உக்காந்திருக்கோம். ஏதாவது எடுத்து விடு" என்றாள் பட்டன்காரி. காசுகள் விழுந்தன.

"எல்லாரையும் பண்ணியாச்சேடி."

"உங்க அக்காவைப் பண்ணலையே!"

"சே, அக்கா பாவம்."

"பாவம் இல்ல, பயம்" என்றாள் பேக்கிங் மேசையிலிருந்து ஒருத்தி. "இந்தா, நான் நோட்டே போடுறேன்."

முதலில் அக்கா நடக்கும் நடையைத்தான் செய்தாள். இஸ்திரிச் சூட்டில் சிவந்த கைகளை முந்தானையில் துடைக்கும் விதம். சிரித்தார்கள். துணியில் கோடு போட மேசையில் வைத்திருந்த சோப்புக்கட்டியை எடுத்துக் காதில் வைத்தாள். "சாப்பிட்டீங்களா? மாத்திரையை மறந்துடாதீங்க…" அந்தக் குரல் அப்படியே வந்தது. இன்னும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செய்துகொண்டிருப்பவளுக்கு அடுத்த சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும், கை தானாக அங்கே போய்விடும். "ட்ரிங்…" என்று அவளே மணி அடித்தாள். காதிலிருந்த சோப்புக்கட்டியை எடுத்துப் பார்த்துத் திடுக்கிட்டாள். மறுபடி காதில் வைத்து, "இருங்க, உங்ககூடப் பேசிட்டிருக்கும்போதே யாரோ கூப்பிடறாங்க" என்றாள்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பட்டன்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ… அந்தப் பக்கம் ஆளே இல்லையா?"

தொங்கவிட்டிருந்த சட்டைகள் விலகின. அக்கா நின்றுகொண்டிருந்தாள். மிஷின் சத்தம் இல்லாத பட்டறையில் எல்லாமே படிக்கட்டு வரை கேட்டிருக்கும். அவள் யாரையும் பார்க்காமல் நேராக மேசைக்கு வந்தாள். இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் திறந்து, ஒரு காசை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"காசு போட்டுட்டேன். எனக்கும் ஒரு தடவை பண்ணிக் காட்டு."

கத்திரியின் கையில் சோப்புக்கட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. கீழே ஜெனரேட்டர் உறுமியது, மிஷின்கள் திரும்ப ஓட ஆரம்பித்தன. எல்லோரும் தப்பித்தோம் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் காலை கத்திரி நேரத்திலேயே வந்து படிக்கட்டில் காத்திருந்தாள்.

"அக்கா, என் நாக்கை அறுத்துப் போடலாம்."

"அதெல்லாம் எதுக்கு? நேத்து லாட்ல நாப்பது சட்டை பாக்கி இருக்கு. பிசிறு வெட்டிட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

'குடுங்க' என்றாள். கத்திரிக்கு அறைந்தால்கூட அவ்வளவு சுரீரென்று இருந்திருக்காது.

அக்கா சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மதியம் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், பஸ் தாமதமாக வந்ததைப் பற்றிப் பேசினாள். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். மற்ற பெண்கள் அவளிடம் வழக்கத்தைவிடப் பிரியமாக நடந்துகொண்டார்கள். அவள் கணவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிரியத்தைப் பார்க்கும்போதெல்லாம் கத்திரிக்கு உடம்பு கூசியது.

கம்பி போட்டு முடிந்ததும் விடுதி வார்டன் அம்மா பட்டறைக்காரர்களை அழைத்தார். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினார்கள். ஒரு பையன் சுவர்ப் பக்கமே திரும்பாமல் ஏறினான்.

"இவ்வளவு பணம் எப்படிச் சேர்த்தீங்க? உங்க யோசனைன்னு சொன்னாங்களே" என்று வார்டன் அம்மா கத்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற பட்டறைகளுக்கும் சொல்லலாமே என்றார்.

கத்திரி பட்டன்காரியைப் பார்த்தாள். பட்டன்காரி தரையைப் பார்த்தாள். பின்னாலிருந்து அக்காதான் பதில் சொன்னாள்: "ஆளாளுக்குக் கொஞ்சம் போட்டோம்மா. பெரிசா ஒண்ணும் இல்ல."

வார்டன் அம்மா கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது கத்திரிக்கு.

அதற்குப் பிறகு பட்டறையில் யாரும் அவளை எதுவும் செய்து காட்டச் சொல்லவில்லை. சட்டைகள் அவள் கையிலிருந்து அக்காவின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. மழைக்காலம் வந்தது. ஒரு வாரம் அக்காவின் மேசையில் வேறொருத்தி நின்று இஸ்திரி போட்டாள். உடம்புக்கு என்னவோ என்று கத்திரிக்கு மனசு அடித்துக்கொண்டது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால், உனக்கே தெரியாதா என்பார்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது வாட்ச்மேன் கேட்டருகில் அவளை நிறுத்தினார்.

"உங்க அக்கா பாட்டி ஆயிட்டாங்களாமே! பேத்தியாம்ல? காலையில வந்து எல்லாருக்கும் மிட்டாய் குடுக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. உங்ககிட்ட எப்பவோ சொல்லியிருப்பாங்க."

"ம், சொன்னாங்க" என்றாள் கத்திரி. "அன்னிக்கே சொன்னாங்க."

"யார் ஜாடையாம்?"

"அக்கா ஜாடைதான். மூக்கு மட்டும் அவங்க மக மாதிரியாம்."

அவர் நீட்டிய மிட்டாயை வாங்கிக்கொண்டு, குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்பதற்குள் தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள்.